சொல்லிக்கொள்ளாமல் போனவன்

அன்றைக்குப் பெரியசாமி வீட்டில் இருந்தவர்கள்: பெரியசாமி, அவர் மனைவி பழனியம்மாள், மருமகள் அறிவுச்செல்வி, திருச்செங்கோட்டிலிருந்து காரில் வந்திருந்த, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி மேனேஜர் மருதாசலம், பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி சண்முகவேல். வீட்டின் ஒரே மகன் அன்பரசு இல்லை. அவன் இல்லாததைப் பற்றிப் பேசத்தான் மற்றவர்கள் கூடியிருந்தார்கள்.

அவர்களில் நான்கு பேருக்கு அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது. சண்முகவேலுக்குத் தெரியும்.

வீடு ராசிபுரத்திலிருந்து உள்ளே தள்ளி, போதமலை அடிவாரத்தில், மரவள்ளி விளையும் குச்சிக்கிழங்குக் காடுகளுக்கு நடுவில் இருந்தது. மலைப்பக்கமாக இரண்டு காடு தாண்டினால் சண்முகவேலின் தோட்டம். வேலி தகராறு, வாய்க்கால் தகராறு என்று எதுவும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் வந்ததில்லை. அதனால்தான் மேனேஜர் வந்து உட்கார்ந்ததும் பெரியசாமி முதலில் போன் போட்டது தம்பி முறையான சண்முகவேலுக்கு. “சித்த வந்துட்டுப் போ. பையன் விசயமாப் பேசோணும்,” என்றார்.  வழியெல்லாம் முகத்தைச் சரிசெய்துகொண்டு பைக்கில் வந்து சேர்ந்தான்.

மருதாசலம் பெருத்த உடம்புக்காரர். அவர் அசையும்போதெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலி முனகியது.

“ராய்ப்பூர்ப் பக்கம் வண்டி சும்மா நிக்குதுங்க. டிரில்லர் இல்லாம கம்ப்ரசருக்குப் பூசையா பண்றது? போன் போட்டா சுவிட்ச் ஆஃப். செரி, பொண்டாட்டி முந்தானையப் புடிச்சுட்டு ஊட்டுலயே கெடக்கறான், நாக்கைப் புடுங்கற மாதிரி நாலு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். இங்க வந்தா நீங்க என்னையக் கேக்கறீங்க.”

“நாங்க உங்க வண்டீலதான் இருக்கறான்னு இருந்தோமுங்க,” என்றார் பெரியசாமி.

“இல்லீங்களே.”

 பழனியம்மாள் முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். தோல் பிளக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

மகன் போய் மாதம் ஒன்று ஆகப்போகிறது. அன்பரசு போர் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். போன தடவை லீவில் வந்தபோது அறிவுச்செல்வி பிடித்துக்கொண்டாள்: போதும் இந்த வடக்கத்தி வேலை, இருக்கிற காட்டைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருங்கள் என்று. பேச்சு முற்றி, பொழுது சாயும் நேரத்தில் அவன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். போனவன் பேசவில்லை. முன்னாலும் ஒரு தடவை இப்படிக் காட்டுக்குள் டவர் இல்லாத இடத்தில் மாட்டி, வாரக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்திருக்கிறான். ஆகவே வீட்டில் கோபம் இருந்ததே தவிர பயம் இல்லை. பயம் இன்றைக்குத்தான் காரில் வந்து இறங்கியிருக்கிறது.

“வேற வண்டீல ஏறியிருப்பானுங்க,” என்றான் சண்முகவேல். குரல் அவனுக்கே நன்றாகக் கேட்டது. “ரிக் வண்டி என்ன உங்களுது மட்டுமா ஓடுது?”

“அதெல்லாம் நடக்காதுங்க. எங்க டிரில்லர் இன்னொருத்தன் வண்டீல கால வச்சா பொழுது உழுவறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சுரும். திருச்செங்கோட்டுல ஒருத்தன் தும்முனா இன்னொருத்தன் மூக்கத் தொடைக்கற தொழிலுங்க இது.”

“அப்பறம் மாசம் பூராத் தும்மிட்டே இருந்தவன உங்களுக்கு ஏன் தெரியாமப் போச்சு?”

 பெரியசாமி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு சண்முகவேலுக்குத் தேவைப்பட்டது. சிரிக்கிற மனிதன் ஸ்டேஷனுக்குப் போகமாட்டான்.

அறிவுச்செல்வி எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்தாள். சண்முகவேல் அவள் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை வாங்கினான்.  குடிக்காமல் வைத்தால் தெரிந்துவிடும் என்று நினைத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தான். இப்படி ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் அவன் இந்த மாதத்தை ஓட்டியிருந்தான்: எதை முதலில் பேசுவது, எப்போது கண்ணைத் தாழ்த்தாமல் இருப்பது, அன்பரசின் பேரை எத்தனை சாதாரணமாகச் சொல்வது. வாய் அவன் கட்டுப்பாட்டில் இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

“போறேன்னுட்டுப் போனாரு மாமா.”

சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்று அறிவுச்செல்வி சொன்னாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

“எத்தன சண்டை போட்டாலும் படி தாண்டறப்ப வாரேன்னு ஒரு வார்த்தை வந்துரும். மொகத்தத் திருப்பிட்டாவது சொல்லுவாரு. அன்னைக்குப் போறேன்னாரு. நான் ஓடிப்போயி நிறுத்தியிருக்கோணும். போனாப் போங்கன்னு நின்னுட்டேன்.”

“அட, அதுல என்ன சாமி இருக்குது,” என்றான் சண்முகவேல். “கோவத்துல வர்ற வார்த்தை. நாங்கூடத்தான் எத்தனையோ தடவ இந்த ஊட்டுல இருந்து சொல்லாமக் கொள்ளாம எந்திரிச்சுப் போயிருப்பேன்.”

“நீ போனதில்ல சம்முகம்,” என்றாள் பழனியம்மாள், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அறிவுச்செல்விக்குத் தெரியாத ஒன்று சண்முகவேலுக்குத் தெரியும். அன்பரசு திரும்பி வந்துகொண்டிருந்தான்.

மறுநாள் விடியும் நேரத்தில் சண்முகவேல் தன் காட்டுக் கம்பியில் கரண்டை எடுக்கப் போனான். மலையிலிருந்து இறங்குகிற பன்றிகள் ஒரே இராத்திரியில் கால்வாசிக் காட்டுக் கிழங்கைத் தோண்டிப் போட்டுவிடும். அதற்காகக் காட்டைச் சுற்றிக் கம்பி இழுத்து, பொழுது சாய்ந்ததும் மோட்டார் அறையிலிருந்து கரண்ட் கொடுப்பான், விடிந்ததும் எடுத்துவிடுவான். தப்பு என்று தெரியும். மலையோரத்தில் அந்தத் தப்பைச் செய்கிறவன் அவன் ஒருவன் மட்டும் இல்லை. அந்த விடியலில் கம்பியில் கிடந்தது பன்றி இல்லை. ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுவரை போனவன் மனசு மாறி, கடைசி பஸ்ஸில் திரும்பி, ரோட்டைச் சுற்றாமல் காட்டுக்குள் குறுக்கே நடந்திருக்கிறான். பக்கத்தில் விழுந்து கிடந்த பையில் ஆட்டையாம்பட்டி முறுக்குப் பொட்டலம் இருந்தது. கட்டிய நூல் பிரியவில்லை.

கரண்டை நிறுத்திவிட்டு வந்து, சண்முகவேல் கத்துவதற்குத்தான் வாயைத் திறந்தான். அடுத்த பஞ்சாயத்தில் இதே மாதிரி ஆடு மேய்க்கிறவன் ஒருவன் செத்து, கம்பி போட்டவனைக் கைவிலங்கு மாட்டி ஜீப்பில் ஏற்றியது கண்முன் வந்தது. வாயை மூடிக்கொண்டான். கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கியபோது அன்பரசின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது மூச்சு இல்லை, உள்ளே தங்கிய காற்று என்று சண்முகவேல் முடிவு செய்தான். அந்த முடிவுக்கு வர அவனுக்கு நேரமே பிடிக்கவில்லை. காட்டு மூலையில்தான் பாழுங்கிணறு இருந்தது.

பாழுங்கிணற்றைத் தூர்த்துவிடுங்கள், பாம்பும் பல்லியும் அடைகிறது என்று அவன் மனைவி கண்ணாத்தாள் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானமே ஜேசிபி வந்தது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. சாயங்காலம் அவளிடம் சொன்னான், கம்பியில் அடிபட்டுச் செத்துக் கிடந்தான் என்று மட்டும். தொண்டைச் சத்தத்தை அவளிடமும் சொல்லவில்லை. அவள் அழுதாள். பிறகு கம்பியைச் சுருட்டி, சாணிக்குழியில் புதைத்தாள்.

“ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளெய்ண்ட் குடுத்துருங்க,” என்று மருதாசலம் சொன்னார். “போன் கடைசியா எந்த டவர்ல இருந்துச்சுன்னு பாத்துச் சொல்லிருவாங்க. எங்க வண்டீல ஒருத்தன் வெளியூர்ல தொலைஞ்சப்ப அப்படித்தான் கண்டுபுடிச்சோம். குடிச்சுட்டு ஒரு கோயில்ல படுத்திருந்தான்.”

 கடைசி டவர் எது என்று சண்முகவேலுக்குத் தெரியும். இந்த முற்றத்தில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற டவர்தான்.

அவன் அவசரப்படவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தான்.

“குடுக்கலாமுங்க. குடுக்கக்கூடாதுன்னு சொல்லல. ஆனா போலீஸ்காரன் முதல்ல என்ன கேப்பான்? கடைசியா ஊட்டுல என்ன நடந்துச்சும்பான். சண்டைன்னு சொல்லோணும். என்ன சண்டைம்பான். அப்பறம் அறிவை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வாம்பான். காலைல போனா சாயங்காலம் வரைக்கும் பெஞ்சுல உக்கார வெப்பான். நாளைக்கே அன்பரசு பல்ல இளிச்சுட்டு வந்து நின்னான்னா, ஊரு சும்மா இருக்குமா? புருசன் காணாமப்போன கேசுல போலீஸ் விசாரிச்ச பொண்ணுன்னு சாகற வரைக்கும் பேசும்.”

அறிவுச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். பெரியசாமி அவளைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அவருடைய முகத்தில் யோசனை ஓடுவதைச் சண்முகவேல் பார்த்துக்கொண்டே இருந்தான். அது தன் பக்கம் சாய்ந்த நிமிஷம் அவனுக்குத் தெரிந்தது.

“அதுவுஞ் செரிதான்,” என்றார் பெரியசாமி. “அடுத்த வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்கலாம். மேனேஜர், நீங்க வடக்க இருக்கற மத்த வண்டிகள்லயும் விசாரிச்சுச் சொல்லுங்க.”

“கேட்டுப் பாக்கறனுங்க,” என்றார் மருதாசலம், அரை மனசாக.

ஒரு வாரம் கிடைத்துவிட்டது. ஒரு வாரத்தில் என்ன செய்ய முடியும் என்று சண்முகவேலுக்குத் தெரியாது. ஆனால் கிடைத்துவிட்டது. நெஞ்சு லேசானது. அந்த லேசில்தான் அவன் எழுந்தான். துண்டை உதறித் தோளில் போட்டான். பழனியம்மாளுக்கு முன்னால் ஒரு நொடி கையைக் கட்டி நின்றான். பிறகு படி இறங்கி, செருப்பை மாட்டி, பைக்கை உதைத்துக் கிளம்பினான். திரும்பிப் பார்க்கவில்லை. 

தோட்டத்துக்கு வந்ததும் வீட்டுக்குள் போகாமல் தொட்டிப் பக்கம் போனான். மோட்டார் தண்ணீர் தொட்டியில் விழுந்து வழிந்துகொண்டிருந்தது. சொம்பால் மொண்டு தலையில் ஊற்றினான். சட்டையையும் துண்டையும் தண்ணீரில் அலசி முறுக்கினான். மறுபடி ஊற்றினான். குளிர்ச்சி இதமாக இருந்தது.

கண்ணாத்தாள் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

“ஏனுங்க.”

“ம்.”

“வெடியாலதான குளிச்சீங்க?”

“வேர்வை. உடம்பு நசநசங்குது.”

“வேர்வைக்குச் சட்டையுந் துண்டும் எதுக்கு நனைக்கோணும்? ஊட்டுக்குள்ள ஒரு அடி வெக்காம நேரா இங்க வந்தீங்க. எழவூட்டுக்குப் போயிட்டு வந்தவராட்டம்…”

அவள் முடிக்கவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சொம்பு தொட்டிக்குள் முழுகிப் போனது.

“கோயில் நோம்பிக்கும் இப்படித்தான்,” என்றாள் அவள் மெதுவாக. “ஊரே மாரியம்மங் கோயிலுக்குள்ள போவுது, நீங்க வெளீல புளிய மரத்தடீல நின்னுட்டீங்க. காலு வலிக்குதுன்னீங்க. பங்காளி எழவுக்குத் தீட்டுக் காக்கறாருன்னு எனக்கு அன்னைக்கே பகீர்னுச்சு. சொன்னா வைவீங்கன்னு சொல்லல.”

சண்முகவேலுக்கு அவள் பேசியது பாதிதான் காதில் விழுந்தது. அவன் பெரியசாமி வீட்டு முற்றத்திலேயே இருந்தான். எழுந்தேன். துண்டை உதறினேன். அண்ணி முன்னால் நின்றேன். கையைக் கட்டி நின்றேன். அப்புறம்?

அப்புறம் இறங்கி வந்துவிட்டான். ‘வாரேன்’ என்று சொல்லவில்லை. எழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவன் சொல்லமாட்டான். அந்த வீட்டுக்கு மறுபடி வருகிறேன் என்று வாயால் சொன்னால் மறுபடியும் அங்கே சாவு என்று அர்த்தம். யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, விவரம் தெரிந்த நாளிலிருந்து உடம்பில் ஊறிக் கிடப்பது. கும்பிட்டோ கை கட்டியோ ஒரு நொடி நிற்பது, வாயைத் திறக்காமல் எழுந்து போவது, திரும்பிப் பார்க்காமல் இருப்பது, வீட்டுப் படி மிதிப்பதற்கு முன்னால் தலைக்குத் தண்ணீர். வாய்க்குக் காவல் போட்டவன் உடம்பை மறந்துவிட்டான்.

“நான் சொல்லிக்காம வந்துட்டேன்,” என்றான்.

“எதைய?”

“வாரேன்னு சொல்லல அங்க. எந்திரிச்சு வந்துட்டேன்.”

கண்ணாத்தாள் முழுகிய சொம்பைத் தொட்டிக்குள்ளிருந்து எடுத்து வைத்தாள். பிறகு, “விடுங்க. அவங்க இருக்கற கவலைல யாரு கவனிக்கப் போறாங்க,” என்றாள்.

“அதப்பத்தித்தான் பேசிட்டே இருந்தோம். அவன் வாரேன்னு சொல்லாமப் போனதப்பத்தி. அந்தப் புள்ள அதையே சொல்லிச் சொல்லி… அண்ணி வேற, நீ அப்படிப் போனதில்லைன்னு எம்மூஞ்சிக்கு நேரா…” அவனுக்கு மூச்சு வாங்கியது. “அந்த வார்த்தை ஆறறதுக்குள்ள நான் போய்ட்டேன்.”

“செரி. இப்ப என்ன பண்றது?”

“போயிட்டு வந்தர்றேன். எதையாவது குடுக்கற சாக்குல போயி, பேசிட்டு, சொல்லிட்டு வந்தர்றேன்.”

“வேண்டாமுங்க.” அவள் அவன் ஈரக் கையைப் பிடித்தாள். “போவாதீங்க. மறந்து வந்தது போகட்டும். நாளைக்கு எதேச்சையாப் போற மாதிரிப் போங்க. இப்பப் போனா நல்லா இருக்காது.”

“நாளைக்குள்ள அண்ணி பேசிப் பேசியே அதைய மலையாக்கிருவா.”

“பேசட்டும். அது வெறும் பேச்சுதான.”

அவள் சொன்னது சரி. அது அவனுக்கும் தெரிந்தது. ஆனாலும் நிற்க முடியவில்லை. பல்லில் மாட்டிய நார் மாதிரி அந்தச் சொல்லாத சொல் உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. போய்ச் சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும். ஒரே ஒரு வார்த்தை. தினமும் சொல்கிற வார்த்தை.

வேறு சட்டை மாற்றினான். தலையை அவசரமாகத் துவட்டிச் சீப்பை இழுத்தான். வாசலில் நேற்றுப் பிடுங்கிய கிழங்கு குவிந்து கிடந்தது. நாலைந்தை எடுத்துப் பையில் போட்டான்.

“அந்தக் காட்டுக் கெழங்கையா எடுத்துட்டுப் போறீங்க?” என்றாள் கண்ணாத்தாள். 

“எந்தக் காட்டுதுன்னு அதும்மேல எழுதியா இருக்குது?” என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தான்.

வெயில் உச்சியில் நின்றது. பாதையில் ஆள் நடமாட்டம் இல்லை. இரண்டு பக்கமும் கிழங்குச் செடிகள் அசையாமல் நின்றன. தூர்த்த கிணற்றின் மேல் மண் புதிதாகச் சிவந்து கிடந்தது. வழக்கம்போல அந்தப் பக்கம் பார்க்காமல் கடந்தான். என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான். மேனேஜர் போயிருப்பார். அண்ணன் கட்டிலில் சாய்ந்திருப்பார். கிழங்கை அறிவிடம் கொடுக்கலாம். வேகவைத்துத் தின்னுங்கள் என்று சொல்லலாம். பிறகு, அப்ப நான் வாரேனுங்ணா. அவ்வளவுதான்.

மருதாசலத்தின் கார் இன்னும் நின்றது.

பைக்கை நிறுத்தும்போது வீட்டுக்குள் பேச்சுச் சத்தம் கேட்டது. பெரியசாமி யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். இஞ்சின் சத்தம் அடங்கியதும் உள்ளே பேச்சும் அடங்கியது.

“அண்ணா,” என்று முற்றத்திலிருந்தே கூப்பிட்டான். “கெழங்கு புடுங்குனது கெடந்துச்சு. கொண்டாந்தேன்.”

அறிவுச்செல்வி வாசலுக்கு வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. பையை வாங்கக் கை நீட்டவில்லை.

“உள்ள வாங்க மாமா.”

“இல்ல சாமி, வேல கெடக்குது. அப்ப ஏதோ ரோசனைல எந்திரிச்சுப் போயிட்டேன். சொல்லிக்கக்கூட இல்ல. அதான் வழியில நெனப்பு வந்துச்சு, செரி…”

சொன்ன பிறகுதான் கிழங்கைப் பற்றி மட்டும் பேசியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

“உள்ள வா சம்முகம்,” என்றார் பெரியசாமி உள்ளிருந்து.

போனான். மருதாசலம் நாற்காலியிலிருந்து எழுந்து சுவரோரம் நின்றார். பழனியம்மாளின் முறம் ஒரு மூலையில் கவிழ்ந்திருக்க, அவரைப் பருப்பு தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. யாரும் அள்ளவில்லை. பெரியசாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் காலையில் இருந்த சிரிப்பின் சுவடே இல்லை.

“நீ போனதும் இவ முறத்தத் தூக்கி எறிஞ்சுட்டா,” என்றார். “எழவூட்டுல இருந்து போறவனாட்டம் போறான் பாருங்க, கையக் கட்டி நின்னுட்டுப் போறான் பாருங்கன்னு ஒரே கத்து. நான் வாய மூடுடீன்னேன். கைய ஓங்கிட்டேன். இத்தன வருசத்துல இவளக் கைநீட்டுனதில்ல. மனுசன் மறக்கறதில்லையா, அவனும் நம்ம பையனுக்காகக் கவலப்பட்டு உக்காந்திருந்தான், ஒரு வார்த்தை உட்டுப்போச்சு, அதுக்கு இப்படிப் பேசுவியான்னேன். இந்த மேனேஜரும் எம்பக்கந்தான் பேசுனாரு.”

“ஆமாங்ணா. நெசமாலுமே மறந்துதான்…”

“மறந்தவன் மறந்தே இருப்பான். நாளைக்கு வந்து சாதாரணமா உக்காந்திருப்பான். நானும் இவள ஒரு மாசத்துக்குத் திட்டிட்டு இருந்திருப்பேன்.” பெரியசாமி நிமிர்ந்து பார்த்தார். “நீ இப்ப எதுக்கு வந்த?”

சண்முகவேல் கையிலிருந்த பையைக் காட்டினான்.  மண் ஒட்டிய கிழங்கு பைக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது.

பழனியம்மாள் எழுந்தாள். தரையில் கிடந்த பருப்பை மிதித்துக்கொண்டு வந்தாள். அவன் பின்வாங்குவதற்குள் கையை உயர்த்தி அவன் தலையில் வைத்தாள். குழந்தையின் காய்ச்சலைப் பார்க்கிற மாதிரி விரல்களை முடிக்குள் விட்டு எடுத்தாள். விரல்களைப் பார்த்தாள். புருஷனுக்கு நேராக நீட்டிக் காட்டினாள்.

“ஈரம்,” என்றாள். “இங்க இருந்து போயித் தலைக்கு ஊத்திட்டு வந்திருக்கறான்.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தலையில் காற்றுப் படும் இடமெல்லாம் குளிர்ந்ததை அப்போதுதான் அவன் உணர்ந்தான்.

“யாரு எழவுக்குச் சாமி குளிச்ச?” என்று கேட்டாள் பழனியம்மாள்.

வெயில் என்று சொல்லியிருக்கலாம். தொட்டியைக் கழுவினேன் என்று சொல்லியிருக்கலாம். மருந்தடித்தேன், மாட்டைக் கழுவினேன், எத்தனையோ இருந்தது. ஒரு மாதமாக அவன் தயாராக வைத்திருந்த பொய்களில் ஒன்றுகூட இந்தக் கேள்விக்கென்று செய்தது இல்லை. அவள் அதட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பான். அவள் சாமி என்றாள். சின்ன வயதில் அவனுக்குச் சோறு போட்டுக் கூப்பிட்ட அதே குரலில்.

“கம்பீல அடிபட்டுட்டான் அண்ணி,” என்றான். “பன்னிக்குப் போட்ட கம்பி. நான் வேணும்னு பண்ணல.”

 மருதாசலம், “அய்யோ,” என்று முனகினார்.

“எங்க இருக்கறான்?” என்றார் பெரியசாமி.

“கெணத்துல.”

“எந்தக் கெணத்துல?”

  பெரியசாமியின் முகம் மெதுவாக மாறியதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் திறந்தது, மூடியது.

“ஜேசிபி வந்த அன்னைக்கு நான் அங்கதான் நின்னேன்,” என்றார். தனக்குத்தானே சொல்வது மாதிரி இருந்தது. “இந்த மூலைல மண்ணு பத்தல, இன்னும் கொட்டுன்னு டிரைவர்கிட்ட நாந்தான் சொன்னேன். நல்ல காரியம் பண்ணுனடான்னு உன் முதுகுல தட்டுனேன்.”

“நான் பாக்கறப்பவே செத்துத்தான் கெடந்தான்…” என்றான் சண்முகவேல். அந்தத் தொண்டைச் சத்தம் அவன் காதுக்குள் மறுபடியும் கேட்டது. அவன் கண்ணைத் தாழ்த்தினான். அப்படித் தாழ்த்தியதைப் பெரியசாமி பார்த்துவிட்டார்.

“அப்பவே செத்துட்டானா?” என்று கேட்டார்.

சண்முகவேல் தரையில் சிதறிய பருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அறிவுச்செல்வி நிலைப்படியிலிருந்து நகர்ந்தாள். அலமாரியில் இருந்த போனை எடுத்தாள். ஆணியில் தொங்கிய பூட்டையும் சாவியையும் எடுத்தாள். முகம் காய்ந்த மண் மாதிரி இருந்தது.

“அண்ணா, நீங்க எங்கூட வெளிய வாங்க,” என்றாள் மருதாசலத்திடம். “ஸ்டேஷனுக்குப் பேசோணும். அவங்க கேக்கறதுக்கு நீங்களும் பதில் சொல்லோணும்.”

“இவங்கள இப்படி உட்டுட்டு…” மருதாசலம் தயங்கினார். பெரியவரையும் சண்முகவேலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வாங்கண்ணா.”

அவர் சுவரோரமாகவே நடந்து வெளியே போனார். சண்முகவேலும் வாசல் பக்கம் ஒரு அடி வைத்தான்.

“அறிவு, நானும் வாரேன் சாமி,” என்றான்.

அந்த வார்த்தை வந்துவிட்டது. யாரும் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

“நீ இரு,” என்றார் பெரியசாமி. கட்டிலிலிருந்து எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, வேலைக்கு இறங்குகிறவர் மாதிரி இடுப்பில் இறுக்கிக் கட்டினார். பழனியம்மாள் சன்னல் கதவுகளைச் சாத்தப் போனாள்.

அறிவுச்செல்வி படியைத் தாண்டிக் கதவை இழுத்தாள். வெளிச்சம் ஒரு கோடாகச் சுருங்கி, இல்லாமல் போனது. அவன் முதுகுக்குப் பின்னால் நாதாங்கி விழுந்தது, பிறகு பூட்டு.